பதினேழாம் நம்பர் சாவி

தில்லியில் ஸ்பேனருக்குச் சாவி என்றுதான் பேர்.
பதினேழாம் நம்பர் சாவி ஒன்று கொடுங்கள் என்றேன்.
எந்தப் பூட்டுக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை.

ஜனவரி. மயூர் விஹார்.
குளிரில் இரண்டாம் கியர் விழ மறுக்கிறது.
எலும்பைக் கடித்தது மாதிரி ஒரு சத்தம்.
சிக்னலில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிறார்,
என்னை அல்ல, கியர் கம்பியை.

ஒர்க்‌ஷாப்பில் மூவாயிரத்து அறுநூறு கேட்டார்கள்.
எண்ணெய் இரண்டு லிட்டர், எழுநூற்றுச் சொச்சம்.
மீதி எங்கே போகிறது என்று கேட்பதுதான்
இருபத்தாறு வருஷமாக என் உத்தியோகம்.

நடைபாதைக்கென்று மாநகராட்சி இறக்கி
மறந்துபோன கற்களை நாலு மேடையாக அடுக்கினேன்.
ஆல்டோவைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி
மெல்ல மேலே ஏற்றினேன்.
பழைய போர்வையை விரித்து அடியில் படுத்தேன்.
முதுகுக்குக் கீழே ஜனவரி முழுவதும் படுத்திருந்தது.

பதினாலு வருஷம் ஓட்டிய வண்டியின் வயிற்றை
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
புகைக்குழாயில் உருகி ஒட்டிய பாலித்தீன் பை,
எந்தச் சந்தையில் வாங்கிய எதன் உறையோ.

கீழ் போல்ட் சுலபமாகக் கழன்றது.
இட்லி மாவு டப்பாவில் கறுப்பாக விழுந்தது எண்ணெய்.
பெருங்காயம் கெட்டுப்போனால் இப்படித்தான் நாறும்.
(டப்பா இனி மாவுக்கு ஆகாது.)
போல்ட் முனைக் காந்தத்தில்
பூனை மயிர் போல இரும்புத்தூள்.
துடைக்கும்போது நினைத்துக்கொண்டேன்:
யாழினி ஓட்டப் பழகிய வருஷம்
இதில் எவ்வளவு இருக்கும்.

நிரப்பும் துளையை முதலில் திறந்து பார்,
அப்புறம் காலி செய்.
எல்லோரும் சொல்வதுதான். எனக்கும் தெரியும்.
காலி செய்வது எளிதாகத் தெரிந்தது,
அதை முதலில் செய்துவிட்டேன்.

மேல் போல்ட் அசையவில்லை.
சாவி வழுக்கியது, விரல் முட்டி தோலுரிந்தது.
உள்ளே சொட்டு எண்ணெய் இல்லாத கியர்பெட்டி,
கல்மேல் நகர முடியாத வண்டி,
அதன் பின்னால் குக்ரேஜாவின் வண்டி.

ஹாரன்.
ஒரு பூந்தொட்டி வைத்த தகராறில்
இரண்டு வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
ஆனந்த் விஹாரில் மச்சான் ரயில் விட்டு இறங்குகிறான்,
நாற்பது நிமிஷம்தான் இருக்கிறது என்று
என்னிடம் சொல்லாமல் காற்றிடம் சொன்னார்.
குனிந்து பார்த்தார். போனார்.
கூலர் ஸ்டாண்டின் இரும்புக் குழாயோடு வந்தார்.

சாவியின் வாலில் குழாயைச் செருகி
அவர் மேலிருந்து அழுத்த, நான் கீழிருந்து தள்ள,
போல்ட் முனகியது, நகரவில்லை.
மறுபடியும். மறுபடியும்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது:
மல்லாந்து கிடப்பவளுக்கு இடம் வலம் மாறும்.
இவ்வளவு நேரம் இருவரும் சேர்ந்து
இறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

அதை அவரிடம் சொல்லவில்லை.
“இப்போ உல்டா” என்றேன்,
ஏதோ உத்தி மாதிரி.

டக்.

கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயில்
புது எண்ணெய் இறங்கியது.
இறங்கியது என்பது உபசார வார்த்தை.
இந்தக் குளிரில் அதற்குப் பங்குனி வரை ஆகும் போலிருந்தது.
குக்ரேஜா புனலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
போன் அடித்தது. மச்சான்.
“ஜாமில் மாட்டிக்கொண்டேன்” என்றார்,
எங்கள் பார்க்கிங்கில் நின்றபடி,
கண் சிமிட்டாமல்.

இதற்கு அளவுக் குச்சி கிடையாது.
நிறைந்தால் துளையில் தானே வழியும்,
வழிந்தால் மூடு, அவ்வளவுதான்.
வழிந்தது. என் கன்னத்தில்.

கல்லிலிருந்து இறக்கிச் சந்து முனை வரை போனேன்.
ஒன்று.
இரண்டு,
வெண்ணெயில் கரண்டி.
திரும்பி வந்தபோது அவர் வண்டி இல்லை.

மறுநாள் எட்டு பத்துக்கு அதே ஹாரன், அதே நீளம்.
குழாய் என் கதவுக்குப் பின்னால் நிற்கிறது,
அவர் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை.

டப்பாவை அளந்து பார்த்தேன், கை சும்மா இருக்காது.
ஒன்றே முக்கால் லிட்டர்.
மீதிக் கால் லிட்டர்
எந்தச் சாலையில், எந்தத் தேதியில்?
பதில் வரவில்லை.
பத்தியை மூடாமல் வைத்திருக்கிறேன்.